ஊசிமெத்தையின் உள்ளீடு

ஒரே கடையில் ஒரே உறையில் வாங்கிய தையல் ஊசிகளைப் பகிர்ந்துகொண்ட இரு வீட்டாருள், ஒருவருடைய ஊசி மாரிகாலம் கழிந்த பின்னும் பளபளப்புக் குன்றாமல் துணியில் வழுக்கிச் செல்ல, மற்றவருடைய ஊசி கறள் ஏறி, வெள்ளைத் துணியில் மஞ்சட் புள்ளி வைத்து, போதாக்குறைக்கு நூலையும் அறுத்து விடுவதை யாழ்ப்பாணக் குடாநாட்டில் தையல் பழகியவர் பலரும் கண்டிருப்பார்கள். அப்போது ஊசியின் தரத்தையோ தைத்தவரின் கைவியர்வையையோ குறை கூறுவதே வழக்கம்; அந்த ஊசி இரவும் பகலும் குத்தி நிற்கும் சிறு மெத்தையைப் பிரித்து, அதன் வயிற்றுக்குள் என்ன அடைக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பவர் மிக அரிதாவர்.

இவ்வூர்ப் பெண்கல்வியோடு ஊசியும் ஒருங்கே வந்தது. 1824 இல் உடுவிலில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் தொடக்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் எழுத்தும் கணக்கும் கற்பிக்கப்பட்டதைப் போலவே தையலும் பாடமாயிருந்தது. அன்றுமுதல் இன்றுவரை, ஓலைப்பெட்டியின் மூடியிலோ சிரட்டையின் வாயிலோ வண்ணத்துணி கட்டி, உள்ளே கைக்கு அகப்பட்டதை அடைத்து ஊசிமெத்தை செய்வது வீட்டுக் கைப்பணிகளுள் மிக எளியதாகக் கருதப்பட்டு வருகின்றது. எளிய பணிதான், ஆயினும் "கைக்கு அகப்பட்டது" என்பதில் மணலும் மரத்தூளும் அரிசியும் அடங்கும், சில வேளைகளில் கொடிய விஷமும் அடங்கும் என்பதால், அதனைச் சற்று ஆராய்வது பிரயோசனமுடையது.

முதலில் கறள் என்பது யாது என்று பார்ப்போம். பாடசாலை ஆய்வுகூடத்தில் மூன்று பரிசோதனைக் குழாய்களில் மூன்று ஆணிகளை இட்ட நினைவு பலருக்கு இருக்கும். ஒன்றில் சாதாரண நீர். ஒன்றில் கொதிக்கவைத்துக் காற்றகற்றி, மேலே எண்ணெய்ப் படலமும் விட்ட நீர். மற்றொன்றில் ஈரத்தை உறிஞ்சும் கல்சியம் குளோரைட்டோடு உலர்ந்த காற்று. முதற் குழாயின் ஆணி மட்டுமே கறள் பிடிக்கும். இரும்புக்கு ஒட்சிசனும் வேண்டும், நீரும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையேல் கறளும் இல்லை என்பது அதனால் பெறப்படும் முடிபு.

அந்த நீருக்குள் நடப்பதைக் கண்ணாற் காணச் செய்தவர் கேம்பிரிச்சுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூலிக் எவன்ஸ். இரும்பு கரையும் இடத்தில் நீலமாகவும், காரத்தன்மை தோன்றும் இடத்தில் இளஞ்சிவப்பாகவும் மாறும் இரு பதார்த்தங்களை உப்புநீரிற் கலந்து, அந்நீரின் ஒரு துளியைத் துலக்கிய இரும்புத் தகட்டின்மீது அவர் 1920களில் இட்டுப் பார்த்தார். சிறிது நேரத்தில் துளியின் நடுப்பகுதி நீலமாயிற்று. காற்றிலிருந்து ஒட்சிசன் எளிதிற் புகும் விளிம்பு சிவந்தது. இரண்டுக்கும் இடையே பழுப்பு நிறக் கறள் ஒரு வளையமாகப் படிந்தது. ஒரே துளியின் நடுவில் இரும்பு கரைந்து இலத்திரன்களை விட்டுச் செல்ல, அவை தகட்டின் வழியே ஓடி விளிம்பில் ஒட்சிசனோடு சேருகின்றன. அஃதாவது அச்சிறு துளி ஒரு மின்கலமாகவே தொழிற்படுகின்றது. இந்தக் கலம் ஓடுவதற்கு நீரில் மின்னைக் கடத்தும் ஏதேனும் கரைந்திருத்தல் நலம். உப்பு அதனை மிக நன்றாகச் செய்யும்.

ஆனால் ஊசிமெத்தையின்மீது எவரும் நீர் தெளிப்பதில்லையே, துளி எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்து வந்தது. குறித்த வெப்பநிலையிற் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் நூற்றுக்கு எத்தனை பங்கு அதில் இருக்கின்றது என்பதை நமது பாடநூல்கள் சாரீரப்பதன் என்று வழங்குகின்றன. எவ்விடத்தில் நின்றாலும் கடலோ பரவைக்கடலோ தொலைவில் இல்லாத நம் குடாநாட்டில், வாடைக்காற்று மழையைக் கொணரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்த அளவு 80 சதவீதத்தை எளிதிற் கடந்து நிற்கும். மெத்தைக்குள் இருக்கும் நாரும் பஞ்சும் தூளும் இக்காற்றோடு ஈரத்தைக் கொடுத்தும் வாங்கியும் ஒரு சமநிலைக்கு வருகின்றன. தோட்டத்தில் ஒரே வாய்க்காலால் இணைக்கப்பட்ட பெருந்தொட்டியையும் சிறுதொட்டியையும் இங்கே எண்ணிக்கொள்ளலாம்: நீர்மட்டம் இரண்டிலும் ஒன்றுதான், கொண்டிருக்கும் நீரின் அளவு மட்டுமே வேறு. அவ்வாறே சாரீரப்பதன் என்னும் மட்டம் எல்லா உள்ளீடுகளுக்கும் பொதுவாயினும், அது 65 சதவீதமாக இருக்கும்போது கம்பளி தன் உலர் நிறையில் ஏறக்குறைய 15 சதவீத நீரையும், பருத்தி 7 அல்லது 8 சதவீதத்தையும் தம்முள் வைத்திருக்க, பொலியெஸ்தர் அரைச் சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை.

இதைக் கேட்டவுடன் அதிக நீரைக் கொள்ளும் கம்பளியே ஊசிக்குப் பெரும்பகை என்று முடிவு செய்யத் தோன்றும். அனுபவமோ நேர்மாறானது, குளிர்நாடுகளில் ஊசிமெத்தைக்குப் பல தலைமுறைகளாக விரும்பி இடப்பட்டு வந்தது கம்பளிதான். நாரின் உள்ளே கட்டுண்டு கிடக்கும் நீர் அங்கேயே கிடக்கும். தொட்டி பெரியதென்பதால் வாய்க்காலின் மட்டம் உயர்ந்துவிடுவதில்லை. ஆகையால் ஓர் உள்ளீடு எவ்வளவு ஈரத்தை உறிஞ்சுகின்றது என்று கேட்பதிலும், ஊசியின்மேல் நீர் துளியாகத் திரளுவதற்கு வேண்டிய மட்டத்தை அது கீழே இறக்கி விடுகின்றதா என்று கேட்பதே பொருத்தமான வினாவாகும். இந்தக் கட்டுரையிற் சொல்ல விரும்புவதும் இதுவே.

அந்த மட்டத்தை இறக்குவன தூசியும் உப்பும் என்பதை இங்கிலாந்தில் வேர்னன் என்பவர் செய்த பரீட்சைகள் தெளிவாக்கின. இரும்புத் துண்டுகளை அறைக்காற்றில் வெறுமனே தொங்கவிட்டும், மெல்லிய மசுலின் துணிக்கூட்டுக்குள் வைத்தும் அவர் ஒப்பிட்டார். மசுலின் காற்றையும் நீராவியையும் தடையின்றிப் புகவிடுவது. தூசியை மட்டுமே வடிகட்டுவது. வெளியே தொங்கிய இரும்பு கறள் பிடிக்க, கூட்டுக்குள் இருந்த இரும்பு நெடுநாள் பளபளப்பாகவே இருந்தது. தூய காற்றில் சாரீரப்பதன் மிக உயர்ந்தாலும் இரும்புக்கு அதிகம் கேடில்லை என்பதும், காற்றில் மாசு சிறிதிருந்தாலும் 60 சதவீதத்தை அண்டிய ஓர் எல்லையைத் தாண்டியவுடன் கறள் திடீரென விரைவுபடும் என்பதும் அவர் கண்ட உண்மைகள். இவ்வெல்லையை மாறுநிலை ஈரப்பதன் என்று சொல்லலாம்.

இனி நம் மணலுக்கு வருவோம். மணற்காட்டிலும் வல்லிபுரத்திலும் குவிந்து கிடக்கும் வெண்மணல் மெத்தைக்குக் கனம் தரும், ஊசிமுனையையும் சிறிது துலக்கும் என்பதால் அதை அள்ளி அடைப்பது இயல்பே. ஆனால் கடற்கரைக் காற்று வாழ்நாளெல்லாம் தழுவிய மணல் அது. சோடியம் குளோரைட்டு என்னும் சமையலுப்பு, சாரீரப்பதன் 75 சதவீதத்தை எட்டியதும் காற்றிலிருந்தே நீரை வாங்கித் தானாகக் கரைந்து நீராகிவிடும். கடலுப்பிற் கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டுக்கோ 33 சதவீதமே போதும். மாரியில் அடுக்களை உப்புச்சாடி கசிவதன் காரணமும் இதுவே. உப்புப் படிந்த மணலில் குத்திய ஊசி, ஆகையால், ஆண்டின் பெரும்பகுதியும் எவன்ஸின் துளிகளுக்குள்ளே நிற்கின்றது என்று கொள்ளல் வேண்டும்.

மணலை வறுத்துவிட்டால் தீர்ந்தது என்று சிலர் எண்ணுவர். கச்சான் வறுக்கும் சட்டியில் நெடுநேரம் காய்ந்த மணலில் ஈரம் இராது, கிருமியும் பெரும்பாலும் இராது. ஆனால் உப்பு நெருப்புக்கு அஞ்சும் பொருளன்று, வறுப்பதற்கு முன் எவ்வளவு இருந்ததோ அவ்வளவும் பின்னும் இருக்கும். அதை நீக்க நீர் ஒன்றே வழி, அதுவும் உவர்க்கிணற்று நீராக இருத்தலாகாது. மழைநீரிலோ நன்னீரிலோ பலமுறை அலசி, கடைசியாக அலசிய நீரிற் சிறிதெடுத்து ஆய்வுகூடத்து வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் ஒரு துளி விட்டுப் பார்த்தால், வெண்மையாகக் கலங்கும்வரை உப்பு இன்னும் மீந்திருக்கிறது என்று பொருள். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதன் ஆசிரியரிடம் கேட்டு இதைச் செய்துபார்க்கலாம்.

உப்புக்கு அடுத்த பகை அமிலம். மரக்காலையில் விலையின்றிக் கிடைக்கும் மரத்தூள் உலர்ந்ததாகவும் மணமுள்ளதாகவும் தோன்றினாலும், மரம் என்பது தன்னுள் அடங்கிய சில கூறுகள் சிதைவதால் அசற்றிக் அமில ஆவியை, அஃதாவது வினாகிரியின் ஆவியை, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வெளிவிடும் சுபாவமுடையது. மரத்துக்கு மரம் அளவு வேறுபடும். ஓக் மரம் இதிற் பேர்பெற்றது. மரப்பேழைகளில் வைத்த கடற்சிப்பிகளின் மேல் வெண்பொடி பூத்து அவை அழிவதை 1899 இல் பைன் என்னும் ஆங்கிலேயர் விவரித்தபோது அது ஒரு நோய் என்றே கருதப்பட்டது. பேழையின் மரம் விட்ட அமில ஆவியே சிப்பியின் சுண்ணாம்பைத் தின்றதென்பது பின்னரே தெளிவாயிற்று. சுண்ணாம்பைத் தின்பது உருக்கையும் விடாது. தூள் பருமரத்தினும் பன்மடங்கு மேற்பரப்பு உடையதாதலால், கட்டையாக இருந்தபோது தாமதமாக வந்த ஆவி தூளிலிருந்து தாராளமாக வரும். பட்டையும் வைரமும் கலந்த தூளில் துவர்ப்பொருளும் இருக்கும். அது இரும்போடு சேர்ந்தால், கடுக்காய்ச் சாற்றில் இரும்பைச் சேர்த்து முன்னோர் மை செய்த அதே முறையில், கருங்கறை உண்டாகும். பாவித்த தேயிலையையும் கோப்பித்தூளையும் உலர்த்தி அடைக்கலாம் என்னும் பிறநாட்டு யோசனையும் இக்காரணத்தால் எனக்கு உவப்பானதன்று; நம் மாரியில் அவை பூஞ்சணம் பூப்பதும் எளிது.

ஒரு பொருள் அமில ஆவி விடுகின்றதா என்பதை அறிய அருங்காட்சியகங்கள் கையாளும் முறை ஒன்றுண்டு. பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஒடி என்னும் விஞ்ஞானி 1973 இல் அறிமுகப்படுத்திய அம்முறையில், ஐயத்துக்குரிய துணியையோ மரத்தையோ ஒரு குடுவையில் இட்டு, பளபளப்பாகத் துலக்கிய வெள்ளி, ஈயம், செம்புத் தகடுகளை உடன்வைத்து, சிறிது நீரும் விட்டு, இறுக மூடி, 60 பாகை வெப்பத்தில் 28 நாட்கள் விட்டுவைப்பர். தகடுகள் மங்கினால் அப்பொருள் பழம்பொருட் பேழைக்குள் செல்லத் தகுதியற்றது. விலைமதிப்பற்ற பொருளின் அருகே எதை வைக்கலாம் என்னும் பெரிய வினாவுக்கு இவ்வளவு எளிய சோதனை விடை சொல்வது வியக்கத்தக்கது. இதன் சிறு வடிவத்தை வீட்டிலேயே செய்யலாம். அதைப் பின்னர் கூறுவேன்.

நம் வளவுகளிற் காய்க்கும் இலவம்பஞ்சு தனியே பேசப்பட வேண்டியது. அதன் ஒவ்வோர் இழையும் உள்ளே காற்று நிறைந்த மெல்லிய குழல். மேலே மெழுகுப் படலம் உண்டு. இதனால் நீர் அதில் ஒட்டாது வழிந்துவிடும், அது நீரில் மிதக்கும். முற்காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளை அதனால் நிரப்பியதும் இக்குணம் பற்றியே. எனினும் திரவநீரை விலக்குவது வேறு, காற்றின் நீராவியை வாங்குவது வேறு. நீராவியை வாங்குவதில் இலவம்பஞ்சு பருத்திக்குக் குறைந்ததன்று. அதனைப் பாவிப்போர் கொட்டைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்தல் வேண்டும், ஏனெனில் அவற்றில் உள்ள எண்ணெய் பூச்சிகளையும் எலியையும் அழைக்கும். நாளடைவில் அது நொறுங்கிக் கட்டிபட்டு ஊசியை இறுகப் பிடிக்கும் ஆற்றலை இழப்பதும், விளக்குச் சுடர் பட்டால் நொடியிற் பற்றிக்கொள்வதும் அதன் குறைகள்.

கம்பளியின் சிறப்பு அதன் ஈரங்கொள்ளும் தன்மையிலன்றி, ஆட்டின் தோல் சுரந்து உரோமத்திற் பூசும் லனோலின் என்னும் மெழுகிலே இருக்கின்றது. ஊசி உள்ளே புகும்போதெல்லாம் அம்மெழுகு மிக மெல்லிய படலமாக அதன்மேல் ஏறுகின்றது. படலத்துக்கு அப்பால் நீர் வந்தாலும் உருக்கைத் தொட இயலாது. ஆயினும் கடையில் விற்கும் கம்பளி நூலில் மெழுகின் பெரும்பகுதி கழுவப்பட்டுப் போயிருக்கும்; யாழ்ப்பாணத்துச் செம்மறியோ மயிருடைய இனமேயன்றிக் கம்பளி தரும் இனமன்று. ஆகவே வெளிநாட்டு நூல்களின் இவ்வுபதேசத்தை நாம் அப்படியே பின்பற்றுவது கடினம்.

அதற்கு ஈடாகத் தலைமயிரை அடைக்கும் வழக்கம் உண்டு. மயிரும் கம்பளியும் ஒரே வகைப் புரதத்தால் ஆனவை, யோசனை தவறன்று. சீப்பிற் சேர்ந்த மயிரை அப்படியே இடுவதுதான் தவறு, ஏனெனில் அதில் வியர்வையின் உப்பு இருக்கிறது, தேங்காயெண்ணெயும் இருக்கிறது. தேங்காயெண்ணெய் முதலில் ஊசியைக் காப்பதுபோலத் தோன்றினும், சிக்கடைந்து கொழுப்பமிலங்களாகச் சிதைந்த பின் தானே கேடு செய்யும். சவர்க்காரமிட்டுக் கழுவி, நன்னீரில் அலசி, வெயிலில் உலர்த்திய மயிர் நல்ல உள்ளீடு. எண்ணெய் வேண்டுமென்போர் தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயில் ஒரு துளியைப் பாவிப்பதே முறை; அது கனிம எண்ணெய், சிக்கடையாது.

அரிசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உணவுப்பொருள் எதுவாயினும் வண்டுக்கும் எலிக்கும் அழைப்பு. புதுத்துணி நறுக்குகளை அடைப்போரும் அவற்றின் கஞ்சிப்பசை போகக் கழுவிய பின்னரே அடைத்தல் நன்று.

ஊசியைக் கூராக்கும் குருந்தத்தூள், அஃதாவது எமரி, தனி வகுப்பைச் சேர்ந்தது. இரத்தினபுரியில் அகழும் நீலக்கல்லும் மாணிக்கமும் எக்கனிமத்தின் தெளிந்த உருவங்களோ, அதன் கலங்கிய, இரும்புக் கனிமம் கலந்த உறவே எமரி. வன்மையில் வைரத்துக்கு மட்டுமே தாழ்ந்தது. கறள் தொட்ட ஊசியை அதனுள் நாலைந்து முறை குத்தி எடுத்தால் கறள் உதிர்ந்துவிடும். ஆனால் கறளை உரசும் பொருள் ஊசியின் நிக்கல் பூச்சையும் உரசும். பூச்சு தேய்ந்த இடத்தில் உருக்கு வெறுமையாய் நிற்கும். ஆகையால் எமரியைச் சிறு பையாகத் தனியே தைத்து வைத்துக்கொள்வதும், ஊசியை அதிற் குடியிருத்தாமல் வேண்டும்போது மட்டும் குத்தி எடுப்பதும் அறிவுடைமை.

இதுவரை ஊசியின் நலத்தைப் பேசினோம். இனி ஊசி பிடிக்கும் விரலின் நலம். ஊசிமெத்தையில் ஒருபோதும் இடத்தகாதது குன்றிமணி. பொன் நிறுத்தும், பிள்ளையார் உருவுக்குக் கண் வைத்தும் பழகியதால் அதை நாம் அஞ்சுவதில்லை. அழகும் கனமும் உடையதால் சிறு மெத்தைக்குத் தகுந்ததென்றும் தோன்றும். அதன் பருப்பில் உள்ள அப்ரின் தாவர விஷங்களுள் மிகக் கொடியவற்றுள் ஒன்று. கடினமான மேலோடு பிளவுபடாதவரை அது உள்ளேயே சிறைப்பட்டிருக்கும். அவ்வோட்டைத் துளைக்க வல்லது ஊசியல்லவா? பருப்பைத் துளைத்த ஊசி அடுத்த கணம் விரலைக் குத்துமாயின், விஷம் குருதிக்குள் செல்ல வழி திறக்கப்பட்டதாகும். இது கற்பனைப் பயமன்று. 19 ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவில் தோலுக்காக மாடுகளை இரகசியமாகக் கொல்வோர், குன்றிமணிப் பருப்பை அரைத்துச் சிறு முள்ளாக்கி உலர்த்தி மாட்டின் உடலிற் குத்தி வந்தனர் என்பதை அக்கால நீதிவைத்திய நூல்கள் விரிவாகப் பதிந்துள்ளன. ஆமணக்கு விதையின் இரிசினும் இதே இனத்து விஷம்; அதுவும் விலக்கத்தக்கதே.

கனத்துக்காக வலையிற் கட்டும் ஈயக்குண்டை அடியில் வைப்பதும் வேண்டாம். ஊசி உரசி உதிரும் ஈயத்தூள் சிறுபிள்ளைகளின் மூளைக்குக் கேடு. அலசிய கூழாங்கல் ஒன்று அதே பணியைச் செய்யும். கண்ணாடித்தூளும் மாவாய் அரைத்த மணலும் தையல் இடுக்கு வழியே கசிந்து மூச்சோடு உள்ளே போகும். மண் கலந்த மணலில் வேறோர் அபாயம் உண்டு. கறள் பிடித்த ஊசி குத்தினால் ஏற்புவலி வரும் என்று நாம் அஞ்சுகின்றோம். உண்மையிற் கறளுக்கு அந்நோயோடு சம்பந்தமில்லை. 1889 இல் ஜப்பானிய விஞ்ஞானி கிற்றசாட்டோ தனித்துப் பிரித்தெடுத்த ஒரு பக்ரீரியாவே காரணம். அதன் வித்திகள் மண்ணிலும் சாணத்திலும் வாழ்வன, கொதிநீரிலும் எளிதிற் சாகாதன. ஆடுமாடு நடமாடும் முற்றத்து மணலை மெத்தையில் இடலாகாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுவதில்லை.

வீட்டிலேயே செய்யலாம் என்று முன்னர் சொன்ன சோதனை இது. அகன்ற வாய்ப் போத்தல் ஒன்றின் அடியில் சமையலுப்பை, கரையாத உப்பும் மீந்திருக்குமாறு சிறிது நீர் விட்டுக் குழைத்து வையுங்கள். போத்தல் மூடியிருக்கும்வரை அதனுள் சாரீரப்பதன் 75 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். விஞ்ஞானிகளும் கருவிகளைச் சரிபார்க்க இவ்வுபாயத்தையே கையாளுகின்றனர். சோதிக்க விரும்பும் ஒவ்வோர் உள்ளீட்டையும் ஒரே துணியில் தைத்த சிறு பைகளில் இட்டு, ஸ்பிரிற்றால் துடைத்த புது ஊசியை ஒவ்வொன்றிலும் குத்தி, பைகள் உப்பைத் தொடாதவாறு தொங்கவிடுங்கள். அமில ஆவி விடும் என்று ஐயமுள்ளதை வேறு போத்தலில் வையுங்கள். இல்லையேல் ஒன்றன் குற்றம் மற்றதன்மேல் விழும். உள்ளீடு எதுவுமில்லாத ஓர் ஊசியும் ஒப்புநோக்குக்காக ஒவ்வொரு போத்தலிலும் தொங்கட்டும். சில வாரங்களில் ஊசிகளே விடை சொல்லும்.

என் தீர்ப்பைக் கேட்பின், நம் காற்றுக்கு முதலிடம் கழுவி உலர்த்திய துணி நறுக்குகளை இறுக அடைத்த மெத்தைக்கே. பொலியெஸ்தர் பஞ்சும், கழுவிய தலைமயிரும் அதற்கு இணையானவை. இலவம்பஞ்சு இரண்டாம் இடம். மணல் நன்னீரில் அலசி வறுத்ததாயின் மட்டும், மரத்தூள் கடைசி, விதைகள் எவையும் வேண்டாம். தை பிறந்து வானம் வெளித்ததும் ஊசிகளை எடுத்துவிட்டு மெத்தையை ஒரு நாள் வெயிலிற் காயவையுங்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பழைய மெத்தை வீட்டில் இருந்தால் அதை ஒரு முறை பிரித்துப் பாருங்கள். குன்றிமணி அகப்பட்டால், பிள்ளைகளின் கைக்கு எட்டுமுன் அதனை அப்புறப்படுத்தி, அம்மெத்தையிற் குத்தியிருந்த ஊசிகளையும் உடன் கழித்துவிடுங்கள்.